கரை ஒதுங்கிய படகும் கைகோத்த இரண்டு ஊர்களும்



சகோதர நகரங்கள் பற்றிய செய்தி அவ்வப்போது பத்திரிகைகளில் வரும். இரண்டு மேயர்கள் கையெழுத்துப் போடுவார்கள், சால்வை மாற்றிக்கொள்வார்கள், கூடவே ஒரு படம் இருக்கும். படித்துவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவோம். நம் சென்னைக்கு ரஷ்யாவின் வோல்கோகிராட், அமெரிக்காவின் டென்வர், சான் அன்டோனியோ ஆகிய ஊர்களோடு இப்படியோர் உறவு உண்டு. சென்னையிலேயே பிறந்து வளர்ந்தவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்? அந்த ஊர்களில் ஒருவரையாவது நமக்குப் பெயர் சொல்லித் தெரியுமா? இந்தக் கேள்வி நெடுநாளாக மனதில் இருந்துவந்தது. விடை தேடிப் போனபோதுதான் பசிபிக் கடலின் இரு கரைகளில் இருக்கும் இரண்டு சின்ன ஊர்களின் கதை கிடைத்தது. இந்த மாதம் இந்தப் பக்கம் முழுவதும் அந்த ஊர்களுக்குத்தான்.

ஓர் ஊரின் பெயர் கிரெசென்ட் சிட்டி. கலிஃபோர்னியா மாநிலத்தின் வடகோடியில், ஒரேகான் எல்லைக்குப் பக்கத்தில் இருக்கிறது. மக்கள்தொகை ஏழாயிரம்கூட இல்லை. ஊருக்குப் பின்னால் உலகிலேயே மிக உயரமான ரெட்வுட் மரக் காடுகள், முன்னால் கடல். மீனும் நண்டும்தான் பிழைப்பு. இன்னோர் ஊர் ஜப்பானின் வடகிழக்குக் கரையில், இவாத்தே மாகாணத்தில் இருக்கும் ரிக்குசென்தகாதா. 2011க்கு முன் அங்கே ஏறத்தாழ 24,000 பேர் வாழ்ந்தார்கள். அங்கும் மீன்பிடிதான், கூடவே சிப்பி வளர்ப்பு. இரண்டுக்கும் நடுவே நேர்கோட்டில் அளந்தாலும் ஏழாயிரத்து ஐந்நூறு கிலோமீட்டர் தண்ணீர்.

முதலில் கிரெசென்ட் சிட்டியின் பழைய துயரத்தைச் சொல்லிவிடுகிறேன். அது தெரியாமல் பிறகு நடந்ததன் அருமை புரியாது.

1964 மார்ச் 27, புனித வெள்ளி. அன்று மாலை அலாஸ்காவில் 9.2 அளவு நிலநடுக்கம். அங்கே கிளம்பிய அலை நள்ளிரவை நெருங்கும் நேரத்தில் கிரெசென்ட் சிட்டியைத் தொட்டது. முதல் அலை பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. கடைவீதிக்குள் தண்ணீர் வந்தது, வடிந்தது. கடைக்காரர்கள் திரும்பி வந்து சேற்றை வாரிக்கொட்ட ஆரம்பித்தார்கள். ஆபத்து கடந்துவிட்டது என்று எண்ணி, விட்டுவந்த பணத்தை எடுக்கவும் சிலர் தங்கள் இடங்களுக்குப் போனார்கள். ஊருக்கு வெளியே ஒரு பாறைத்திட்டின் மேல் கலங்கரை விளக்கம் ஒன்று இருக்கிறது. அதைப் பார்த்துக்கொண்ட தம்பதி அன்றிரவு விழித்திருந்தார்கள். நல்ல நிலா வெளிச்சம். கடல் பின்வாங்கிப் பின்வாங்கி, அதுவரை யாரும் கண்டிராத அடித்தரை வெகுதூரம் வெறுமையாகத் தெரிந்ததை அவர்கள் பார்த்தார்கள். பிறகு அது திரும்பி வந்தது. நான்காவது அலைதான் எல்லாவற்றிலும் பெரியது. 11 பேர் இறந்தார்கள், 29 தெருக்கட்டங்கள் நாசமாயின. எண்ணெய்க் கிடங்குகள் தீப்பிடித்து எரிந்தன.

இந்த ஊருக்கு மட்டும் ஏன் இப்படி? விரிகுடா பிறைநிலாவின் வடிவில் வளைந்திருக்கிறது, ஊருக்குப் பெயர் வந்ததும் அதனால்தான். உள்ளே நுழையும் அலை அந்த வளைவுக்குள் மோதி மோதிப் பெருகுகிறது. போதாததற்குப் பசிபிக்கின் அடியில் நீண்டு கிடக்கும் மென்டசினோ முகடு, தொலைதூரத்து அலைகளை இந்தக் கரைப்பக்கமே திருப்பிவிடுகிறது. அலையளவுக் கருவி வைத்த 1930களிலிருந்து முப்பதுக்கும் மேற்பட்ட சுனாமிகளை அந்த ஊர் பதிவு செய்திருக்கிறது. பல சிறியவை. ஆனால் கடலைப் பற்றி மேம்போக்காகப் பேசும் பழக்கம் அங்கே யாருக்கும் இல்லை.

இப்போது 2011 மார்ச் 11. ஜப்பானில் பிற்பகல் 2.46. நிலம் நடுங்கிய முக்கால் மணி நேரத்துக்குள் ரிக்குசென்தகாதாவின் நடுப்பகுதி கடலுக்குள் போய்விட்டது. பாதுகாப்பான இடம் என்று குறித்து வைத்திருந்த நகர விளையாட்டரங்குக்கு ஓடியவர்களும் தப்பவில்லை, தண்ணீர் அதற்குள்ளும் புகுந்தது. இறந்தவர்களும் காணாமல்போனவர்களும் 1,700க்கு மேல். பதவியேற்று ஒரு மாதம்கூடச் சரியாக முடிந்திராத மேயர் ஃபுதோஷி தோபா நகராட்சிக் கட்டடத்தின் மாடிமேல் ஏறி உயிர் தப்பினார். அவருடைய மனைவி அன்று இறந்துபோனார். வீட்டுக்கு ஓட முடியாமல், தாயை இழந்த இரண்டு மகன்களையும் வைத்துக்கொண்டு, ஊரைத் தேடி எடுக்கும் வேலையில் அவர் நின்றார். இதைப் படிக்கும்போது 2004 சுனாமியின் நாகப்பட்டினமும் அக்கரைப்பேட்டையும் உங்கள் நினைவுக்கு வந்திருந்தால் அதில் வியப்பில்லை. எனக்கும் வந்தது.

அதே அலை, பத்து மணி நேரம் கடலைக் கடந்து, கிரெசென்ட் சிட்டியின் துறைமுகத்தையும் உடைத்தது. எச்சரிக்கை முன்கூட்டியே வந்ததால் பல மீனவர்கள் இரவோடு இரவாகப் படகுகளை ஆழ்கடலுக்கு ஓட்டிப் போய்விட்டார்கள். துறையில் நின்ற படகுகள் ஒன்றோடொன்று மோதி மூழ்கின. ஒரே நாளில் ஒரே கடல் இரண்டு ஊர்களையும் அடித்தது. ஆனால் ஓர் ஊர் இருப்பதே இன்னோர் ஊருக்குத் தெரியாது.

2013 ஏப்ரல் 7. கிரெசென்ட் சிட்டி கடற்கரையில் கவிழ்ந்த நிலையில் ஒரு சின்னப் படகு ஒதுங்கியிருந்தது. இருபதடி நீளம் இருக்கும். அடிப்பாகம் கண்ணுக்கே தெரியவில்லை. நம் மீனவர்கள் கொட்டலசு என்பார்களே, அந்த வகை உயிர்கள் நீண்ட காம்புகளோடு கொத்துக்கொத்தாகப் படகு முழுக்க ஒட்டிக்கொண்டிருந்தன. அவற்றை விலக்கிப் பார்த்தால் ஜப்பானிய எழுத்துகள். கலிஃபோர்னியாவில் கரை சேர்ந்து, ஜப்பான் சுனாமியில் அடித்துவரப்பட்டது என்று உறுதியான முதல் பொருள் அதுதான்.

ஹம்போல்ட் மாநிலப் பல்கலைக்கழகத்தில் நிலவியல் பேராசிரியராக இருந்த லோரி டெங்லர், சுனாமிக்குப் பிறகு ஜப்பான் கரைக்கு ஆய்வுக்காகப் போய்வந்தவர். படகின் படத்தை ரிக்குசென்தகாதா நகராட்சியின் ஃபேஸ்புக் பக்கத்தில் போட்டார். பதில் உடனே வந்தது. அது தகாதா உயர்நிலைப் பள்ளியின் படகு. கடல்தொழில் படிக்கும் மாணவர்கள் பயிற்சிக்கு எடுத்துப் போவது. பெயர் 'கமோமே', அதாவது கடற்காகம். பள்ளிக் கட்டடமும் சுனாமியில் போய்விட்டது. பிள்ளைகள் அண்டை ஊரான ஒஃபுனாதோவில் கைவிடப்பட்டிருந்த ஒரு பழைய பள்ளிக்கூடத்துக்குப் பேருந்தில் போய்ப் படித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கென்று பழைய பள்ளியிலிருந்து மிஞ்சியிருந்த பொருள்கள் மிகமிகக் குறைவு.

இந்த இடத்தில்தான் நான் நின்று நின்று படித்தேன். குப்பை என்று கருதி அகற்றிவிட எல்லாக் காரணமும் இருந்த ஒரு படகு. டெல் நோர்ட் உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் அதைச் சுத்தம் செய்து திருப்பி அனுப்புகிறோம் என்று முன்வந்தார்கள். டெல் நோர்ட் என்பது கிரெசென்ட் சிட்டி இருக்கும் மாவட்டத்தின் பெயர். பிள்ளைகள் சுரண்டிகளை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். கொட்டலசைச் சுரண்டி எடுத்த அனுபவம் உள்ளவர்களுக்குத் தெரியும்: அழுகிய கடல்வாடை மூக்கைத் துளைக்கும், ஓட்டின் விளிம்பு கையைக் கிழிக்கும், ஒரு சாண் இடம் சுத்தமாவதற்குள் தோள் வலிக்கும். யாரும் அவர்களுக்கு மதிப்பெண் தரவில்லை. தெரியாத ஊரில், தெரியாத மொழி பேசும், தங்கள் வயதுப் பிள்ளைகளின் படகு என்ற எண்ணம் ஒன்றே போதுமானதாக இருந்தது. படகை ஜப்பானுக்கு அனுப்பும் வழியும் பிறந்தது. 2013 அக்டோபரில் கமோமே வீடு திரும்பியது.

அதன் பின்னாலேயே 2014 தொடக்கத்தில் டெல் நோர்ட் மாணவர்கள் சிலர் ரிக்குசென்தகாதாவுக்குப் போனார்கள். அடுத்து தகாதா பள்ளி மாணவர்கள் கிரெசென்ட் சிட்டிக்கு வந்தார்கள். வீடுகளில் தங்கினார்கள். டெங்லரும், ரிக்குசென்தகாதா நகராட்சியின் வெளிநாட்டுத் தொடர்புப் பணியைப் பார்த்துவந்த ஆமியா மில்லரும் சேர்ந்து படகின் கதையைச் சிறுவர் நூலாக எழுதினார்கள். ஒரே புத்தகத்தில் ஆங்கிலமும் ஜப்பானிய மொழியும் சேர்ந்து 2015இல் வெளிவந்தது. இரண்டு பள்ளிகளும் சகோதரப் பள்ளிகளாயின. நகரங்கள் சகோதர நகரங்களாகக் கையெழுத்திட்டது 2018 ஏப்ரலில்தான். படகு ஒதுங்கி ஐந்து ஆண்டுகள் கழிந்து!

இந்த வரிசையைக் கொஞ்சம் கவனியுங்கள். முதலில் பிள்ளைகள், பிறகு அவர்கள் வீடுகள், பிறகு பள்ளிகள், கடைசியில் நகராட்சி. பெரும்பாலான சகோதர நகர உறவுகள் இதற்கு நேர்மாறாக மேலிருந்து தொடங்குகின்றன. கீழே வந்து சேர்வதற்குள் மேயர் மாறிவிடுகிறார், கோப்பு மூடப்பட்டுவிடுகிறது. கிரெசென்ட் சிட்டியில் அதிகாரிகள் செய்ததெல்லாம் ஏற்கனவே உயிரோடு இருந்த ஒன்றுக்குப் பெயர் வைத்தது. அந்தப் பெயரும் வேண்டியதுதான். பெயர் வந்தால்தான் வரவுசெலவுத் திட்டத்தில் ஒரு வரி கிடைக்கும், அடுத்த ஆண்டு பிள்ளைகளுக்கு விமானச் சீட்டு கிடைக்கும்.

சகோதர நகரங்கள் என்ற ஏற்பாட்டின் தொடக்கமே சாதாரண மக்களின் கையில்தான் இருந்தது. நம் சென்னையின் உறவுநகரமான வோல்கோகிராட் அன்று ஸ்டாலின்கிராட். இரண்டாம் உலகப் போரில் அது தரைமட்டமானபோது, தானும் குண்டுவீச்சில் எரிந்துகிடந்த இங்கிலாந்தின் கவன்ட்ரி நகரப் பெண்கள் 830 பேர் தங்கள் பெயர்களை ஒரு மேசைத் துணியில் தையலிட்டு, ஆளுக்கு ஆறு பென்ஸ் சேர்த்து, அந்த ஊர்ப் பெண்களுக்கு அனுப்பினார்கள். 1944இல் இரண்டு நகரங்களும் உறவு பூண்டன. அமெரிக்க அதிபர் ஐசனோவர் 1956இல் மக்களோடு மக்கள் பழகும் திட்டம் என்று ஒன்றை அறிவித்தபோதும், நாட்டோடு நாடு பேசுவது மட்டும் போதாது என்ற எண்ணம்தான் அடியில் இருந்தது. அதற்கும் ஓராண்டு முன்பே அமெரிக்காவின் செயின்ட் பால் நகரம், அணுகுண்டால் சிதைந்த நாகசாகியோடு கைகோத்துவிட்டது.

கிரெசென்ட் சிட்டி கையெழுத்திட்ட அதே 2018இல், அதே கலிஃபோர்னியாவில், இன்னோர் உறவு அறுந்தது. அதையும் சொல்லாமல் விட எனக்கு மனமில்லை. சான்பிரான்சிஸ்கோவும் ஒசாகாவும் 1957இலிருந்து சகோதர நகரங்கள். இரண்டும் பெரிய துறைமுகங்கள். போர்க்காலத்தில் ஜப்பானியப் படையினரின் பாலியல் அடிமைகளாக்கப்பட்ட ஆசியப் பெண்களின் நினைவாக சான்பிரான்சிஸ்கோவில் 2017இல் ஒரு சிலை வைத்தார்கள். கொரியா, சீனா, பிலிப்பைன்ஸ் நாடுகளைச் சேர்ந்த மூன்று சிறுமிகள் கைகோத்து நிற்கிறார்கள். அவர்களை அண்ணாந்து பார்த்தபடி முதிய பெண்மணி ஒருவர் நிற்கிறார். 1991இல் தனக்கு நேர்ந்ததை முதன்முதலாக வெளிப்படையாகச் சொன்ன கொரியப் பெண் கிம் ஹாக்-சுன்தான் அவர். அந்தச் சிலையை நகரம் ஏற்றுக்கொண்டதை எதிர்த்து ஒசாகா மேயர் 2018 அக்டோபரில் நீண்ட கடிதம் எழுதி, 61 ஆண்டு உறவை முடித்துக்கொண்டார். ஒரு மேயர் தனியாக நினைத்து இரு ஊர் மக்களுக்கு இடையிலான உறவை முறித்துவிட முடியாது என்று சான்பிரான்சிஸ்கோ மேயர் லண்டன் பிரீட் பதில் சொன்னார்.

பிரீட் சொன்னதுதான் சரி என்பது என் எண்ணம். ஒசாகா செய்தது தவறு. இறந்துபோன பெண்களுக்கு எழுப்பிய ஒரு நினைவுச் சின்னத்தைத் தாங்க முடியாத உறவு, இனிமையான விழாக்களுக்கு மட்டும் பழகிய உறவு. ரிக்குசென்தகாதாவும் கிரெசென்ட் சிட்டியும் சாவைப் பற்றிப் பேசித்தான் பழகத் தொடங்கின. அதனால் அவர்களுக்கு எதையும் மறைக்கத் தேவை இருக்கவில்லை.

ரிக்குசென்தகாதா தன் துயரத்தை எப்படி நினைவில் வைத்திருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். கரையோரம் எழுபதாயிரம் பைன் மரங்கள் இருந்தன. முன்னோர் காற்றையும் மணலையும் தடுக்க வைத்து வளர்த்தவை. சுனாமிக்குப் பின் ஒன்றே ஒன்று நின்றது. உலகம் முழுக்க அந்தப் படம் போயிற்று. வேரில் உப்புநீர் ஏறி அதுவும் 2012இல் பட்டுப்போனது. ஊர் அதை விட்டுவிடவில்லை, பதப்படுத்தி, இலைகளைச் செயற்கையாகச் செய்து பொருத்தி, அதே இடத்தில் நிறுத்திவைத்திருக்கிறது. அந்தச் செலவில் வீடு கட்டியிருக்கலாமே என்று கேட்டவர்களும் உண்டு. அது நியாயமான கேள்விதான். மறுபுறம், மலையை வெட்டி மண் எடுத்து ஊரையே பல மீட்டர் உயர்த்தும் வேலை நடந்தது. மண்ணைச் சுமக்க ஆற்றின் மேலே மூன்று கிலோமீட்டர் நீளத்துக்கு ராட்சத நகர்பட்டை ஓடியது. லாரிகளில் அள்ளியிருந்தால் இன்னும் பல ஆண்டுகள் பிடித்திருக்கும்.

எனக்கு எல்லாவற்றிலும் நெருக்கமாகப் பட்டது செர்ரி மரங்கள். தண்ணீர் எதுவரை ஏறியதோ அந்த எல்லைக்கோட்டின் மேலேயே, பத்து மீட்டருக்கு ஒன்றாக, ஏறத்தாழ 170 கிலோமீட்டருக்கு 17,000 செர்ரி மரங்கள் நட வேண்டும் என்று அந்த ஊர் இளைஞர்கள் கிளம்பினார்கள். ஒவ்வொரு நில உரிமையாளரிடமும் போய்க் கேட்டு, சம்மதம் கிடைத்த இடத்தில் நடுகிறார்கள். நாளைக்குப் பிறக்கும் குழந்தைக்கு யாரும் வகுப்பெடுக்க வேண்டியதில்லை. நிலம் குலுங்கினால் செர்ரி மரத்துக்கு மேலே ஏறு, அவ்வளவுதான். வசந்தத்தில் அது பூக்கும்போது ஊரே அண்ணாந்து பார்க்கும். எச்சரிக்கைப் பலகையை யார் அப்படிப் பார்ப்பார்கள்?

சிங்கப்பூர் வாசகர்களுக்கு ஒரு செய்தி. உங்கள் நாட்டுச் செஞ்சிலுவைச் சங்கம் வழியாகத் திரண்ட நன்கொடையால் ரிக்குசென்தகாதாவில் ஒரு சமுதாயக் கூடம் எழுந்தது. அதில் ஓர் அரங்குக்கு சிங்கப்பூர் என்றே பெயர். அன்று பத்து வெள்ளி கொடுத்தவர்கள் உங்களில் இருக்கலாம்.

நம் கரைக்கு வருகிறேன். 2004 டிசம்பர் 26 காலையில் நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைக் கடல் கொண்டுபோயிற்று. கடல் உள்வாங்கியதை வேடிக்கை பார்க்கப் போனவர்கள் எத்தனை பேர்! முதல் அலை வடிந்ததும் பிள்ளையைத் தேடி, வலையைத் தேடி, மறுபடியும் கரைக்கு ஓடியவர்கள் எத்தனை பேர்! நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே கிரெசென்ட் சிட்டி உயிரைக் கொடுத்துக் கற்ற பாடம் அது: முதல் அலை போனதும் திரும்பி வராதே. அந்தப் பாடம் நம் கரையோரப் பள்ளிகளை வந்தடைய அன்று ஒரு வழியும் இருக்கவில்லை. ஹைதராபாத்தில் சுனாமி எச்சரிக்கை மையம் 2007இல்தான் வந்தது. இரண்டு கடற்கரை ஊர்களின் பிள்ளைகள் ஒருவருக்கொருவர் கடிதம் எழுதிக்கொண்டிருந்தால் கடலைப் பற்றிப் பேசாமலா இருந்திருப்பார்கள்?

நம்மவர்களுக்கும் இதற்கு நல்ல தொடக்கங்கள் உண்டு. 2016இல் லண்டன் ஓரத்திலுள்ள கிங்ஸ்டன் நகரம் யாழ்ப்பாணத்தோடு உறவு பூண்டது. வட மாகாண முதலமைச்சராக அன்றிருந்த சி.வி. விக்னேஸ்வரன் நேரில் போய்க் கையெழுத்திட்டார். கிங்ஸ்டனில் கணிசமான ஈழத் தமிழ்க் குடும்பங்கள் வாழ்கின்றன. பள்ளிக்குப் போகும் பேரப்பிள்ளைகள் அங்கே, தாத்தா பாட்டி யாழ்ப்பாணத்தில். இதைவிட உறுதியான அடித்தளம் எந்த ஒப்பந்தத்துக்குக் கிடைக்கும்? கவன்ட்ரிப் பெண்கள் தைத்த துணியைப் போல, கையால் செய்த ஏதோ ஒன்று இரு ஊர்களுக்கும் இடையே போய்வர வேண்டும் என்பதுதான் என் ஆசை.

2025 ஜூலை இறுதியில் ரஷ்யாவின் கம்சாட்கா பகுதியில் 8.8 அளவு நிலநடுக்கம் வந்தது. இவாத்தே கரையில் சைரன் ஒலித்து மக்கள் மேட்டுக்கு ஏறினார்கள். சில மணி நேரம் கழித்து அந்த அலை கிரெசென்ட் சிட்டிக்கும் வந்தது. 2011க்குப் பிறகு வலுவாகத் திருத்திக் கட்டிய துறைமுகத்தில் ஒரு படகுத்துறை மட்டும் சேதமானது. அலையின் முதல் வேகத்தைத் தாங்கி மற்றவற்றைக் காக்கும்படி அமைத்த துறை அது. யாருக்கும் உயிர்ச்சேதம் இல்லை. இரண்டு ஊர்களும் ஒரே நாளில் மறுபடியும் மேட்டில் நின்றன. இந்த முறை மறுகரையில் நிற்பவர்களின் முகம் இரண்டு ஊர்களுக்கும் தெரியும்.

வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்களில் பல ஆசிரியர்கள் இருக்கிறீர்கள். வேதாரண்யம், தரங்கம்பாடி, குளச்சல், பருத்தித்துறை, முல்லைத்தீவு என்று கடலோரப் பள்ளிகளில் பணியாற்றுகிறவர்கள் எங்களுக்கு எழுதுங்கள். இரண்டு பள்ளிகளைக் கடிதத்தால் இணைக்கும் வேலையை நம் அலுவலகம் மகிழ்ச்சியோடு எடுத்துச் செய்யும். தபால் செலவும் எங்களுடையது. எட்டாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரை உள்ள பிள்ளைகள் எழுதலாம். தங்கள் ஊர்க் கடலைப் பற்றி, அதில் ஓடும் படகுகளைப் பற்றி, 2004 டிசம்பர் பற்றி வீட்டுப் பெரியவர்கள் சொன்னதைப் பற்றி எழுதட்டும். வரும் கடிதங்களில் சிலவற்றைப் பிள்ளைகளின் ஒப்புதலோடு அடுத்தடுத்த இதழ்களில் வெளியிடுகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்